உன் அப்பாவின் நாற்காலியைக் கட்டியது யார்

சேகரு, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். என் பேத்தி திவ்யா கல்யாணத்துக்குப் பத்திரிகை யார் யாருக்கு என்று நீயும் மருமகளும் கேளம்பாக்கத்து வீட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பூஞ்சேரியில் இருக்கும் கன்னியப்பன் மாமன் பெயரை எழுதவா என்று மருமகள் கேட்டது என் காதிலும் விழுந்தது. "அந்த ஆளு நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. எங்க அப்பாவ ரெண்டு தபா கொன்னவன் அவன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அது உன் பேச்சு இல்லையடா. என் பேச்சு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், நூறு பேர் வேடிக்கை பார்க்க, என் கூடப் பிறந்த தம்பியைப் பார்த்து நான் சொன்னது. நான் வாயிலிருந்து துப்பியதை நீ இத்தனை வருஷம் உன் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திவ்யாவைத் திருத்தச் சொல். ஆனால் ஒரு வரியையும் எடுக்கக் கூடாது. இதை நீ மட்டும் படித்துவிட்டு பீரோவில் வைக்கவும் கூடாது. நலங்கு அன்றைக்கு சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு சத்தமாகப் படிக்க வேண்டும். அன்று நான் பேசியது ஊர் காதில் விழுந்தது. இதுவும் ஊர் காதில் விழட்டும்.

உனக்குத் தெரியும், நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உன் பெரியப்பன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எனக்கு மட்டும் கடைசிப் பந்தியில் அப்பளம் இல்லாமல் இலை போட்டதை இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறேன். உன்னை அஞ்சாவதில் வெயிலில் நிற்க வைத்த வாத்தியாருடைய மகன் கடை போட்டிருக்கிறான். அவன் கடையில் நான் உப்புக்கூட வாங்கியதில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவையெல்லாம் நியாயமான கோபம், என்னோடு வரட்டும். ஒன்று மட்டும் நியாயமில்லாதது. அதைத்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வளர்த்தேன்.

முதலில் கிணற்றைச் சொல்கிறேன். உன் அப்பாவும் என் தம்பி கன்னியப்பனும் ஒரே கூட்டத்தில் கிணறு வெட்டப் போனவர்கள். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி எந்தக் கொல்லையிலும் ஆறடிக்குக் கீழே பாறைதான். பாறையைத் துளைத்து, வெடிமருந்து வைத்து, சிதறின கல்லைக் கூடையில் அள்ளி, கிணற்றின் பாதி ஆழத்தில் விட்டிருக்கிற திட்டில் நிற்கிற ஆளுக்கு வீச வேண்டும். அவன் அதை மேலே இருக்கிறவனுக்கு வீசுவான். உன் அப்பா அடியில் நிற்கிற ஆள். கல் நிரம்பிய கூடையை இடுப்பைத் திருப்பி ஒரு சுழற்று சுழற்றி மேலே விடுவார். திட்டில் நிற்கிறவன் கைக்குக் கூடை தானாக வந்து உட்காரும் என்பார்கள். உனக்கு அப்போது நாலு வயசு. ஒரு நாள் அவர் கயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தது. மேலே கயிற்றைக் கட்டியது கன்னியப்பன். உன் அப்பா நாற்பது அடி ஆழத்தில் பாறைமேல் விழுந்தார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இனிமேல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அறுந்த கயிற்றை நான் பார்த்தேன். ஈரத்தில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கே என் தம்பியோடு பேச்சை நிறுத்தினேன். உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பல தடவை சொன்னார். "அவன் போட்ட முடிச்சு அவுரலடி. பாற முனையில ஒரசி அறுந்துது. நான்தான் அந்தப் பக்கமா தள்ளி எறங்கினேன்." நான் கேட்டால்தானே. அவர் நல்லவர், மச்சானைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றே நினைத்தேன். யாரையாவது வையாவிட்டால் எனக்கு அன்றைய சோறு இறங்காது. பாறையை வைய முடியாது. தம்பியை வையலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு ஐயா இருந்தார். கட்டிலில் கிடக்கிறவர்களை உட்கார வைத்து, கைக்கு வேலை கொடுப்பார். பந்து எறியச் சொல்லுவார், குண்டு தூக்கச் சொல்லுவார். ஒரு நாள் உன் அப்பா கையில் வட்டைக் கொடுத்தார். மரத்தில் செய்து ஓரத்தில் இரும்பு வளையம் போட்டது. சின்ன சாப்பாட்டுத் தட்டு அளவு, ஒரு கிலோ வெல்லக்கட்டி கனம். உன் அப்பா அதை ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்தார், இடுப்பைத் திருப்பினார், விட்டார். ஆஸ்பத்திரி மதில் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்த ஐயா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, நீ இதுக்கு முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டாராம். கிணறு வெட்டினேன் என்றாராம் இவர். நீ இப்போது டிவியில் பாராலிம்பிக்ஸ் என்று பார்க்கிறாயே, அந்தப் போட்டி அப்போதே இருந்தது, கால் இல்லாதவர்களும் முதுகு ஒடிந்தவர்களும் வெளிநாட்டில் போய் உட்கார்ந்தபடி வட்டு எறிகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். திரும்பி வரும்போது அந்த வட்டையே கொடுத்து அனுப்பினார்.

நான் அதை முதலில் நம்பவில்லை. படுக்கையில் இருக்கிறவருக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு நம்ம ஊர் ஏரி வற்றின கோடையில் ஒரு நாள் பார்த்தேன். கன்னியப்பன் ஒரு மரநாற்காலியின் காலைக் கொஞ்சம் அறுத்து, பட்டைக் கம்பி அடித்து, காலை வைக்க முன்னால் ஒரு பலகை போட்டு, எறிகிற நாற்காலி என்று ஒன்று செய்து எடுத்து வந்திருந்தான். கிணற்று வேலையில் பாறை துளைக்கிற இரும்புத் தண்டு நாலை ஏரித் தரையில் அடித்து, நாற்காலிக் காலை அதோடு சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டினான். உன் அப்பாவை இடுப்போடு நாற்காலியில் கட்டினான். நான் ஒரு சொம்பு தண்ணீரை அவனுக்குக் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். அப்படித்தான் இரண்டு வருஷமாக அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உன் அப்பா எதையும் கவனிக்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எறியவும் இல்லை. எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "காத்துக்கு" என்றார். மத்தியானம் சாய்ந்ததும் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து கடல்காற்று புறப்பட்டு வருமே, கருவேலங்கிளைகள் எல்லாம் இந்தப் பக்கமாகச் சாயுமே, அதற்கு. "முதுவுல தள்ற காத்து இதுக்கு ஒதவாது. மூஞ்சியில அடிக்கணும். அதுதான் தட்ட அடியில கை குடுத்துத் தூக்கும்" என்றார்.

காற்று வந்தது. அவர் உடம்பை முழுக்கப் பின்னால் திருப்பினார். நின்றுகொண்டு எறிகிறவனுக்கு இரண்டு கால் இருக்கிறது, சுற்றிச் சுற்றி வந்து வேகம் எடுக்கலாம். இவருக்கு இடுப்பில் தொடங்கித் தோளில் முடிந்துவிட வேண்டும். நாற்காலி ஒரு முனகு முனகியது. வட்டு அவர் விரலை விட்டுப் போனதை நான் பார்க்கவில்லை, கொஞ்ச தூரம் போன பிறகுதான் பார்த்தேன். சேகரு, அது விழப் போகிற பொருள் போலப் போகவில்லை. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு போனது. ஓரத்து இரும்பு வெயிலில் பளபளவென்று சுற்றியது. இனிமேல் இறங்கும் என்று நான் நினைத்த இடத்தில் அது இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் எழும்பியது. நடுவானத்தில் நிற்கிறதா போகிறதா என்று தெரியாமல் ஒரு கணம் இருந்தது. அப்புறம் எங்கேயோ வெடித்த களிமண்ணில் குத்திக்கொண்டு நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். காலையில் நான்தான் அவரைத் துணி மாற்றி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவள். படுத்தால் தானாகப் புரள முடியாத அந்த மனுஷனுடைய உடம்பிலிருந்து அது எப்படிப் புறப்பட்டது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். அன்று ஏரியில் மயிர்க்கூச்செறிந்தது போல எங்கேயும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கன்னியப்பன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

ஒன்று சொல்லி வைக்கிறேன், திவ்யாவிடமும் சொல். ஒருத்தரோடு இருபது வருஷம் இருந்துவிட்டாலும் அவருக்குள் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான் அவரைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அதனால் அவரைப் பற்றி எல்லா முடிவும் நான்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், கோடையில், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஊனமுற்றோருக்குப் போட்டி வைத்தார்கள். வட்டு எறிவதில் முதலாவதாக வருகிறவனுக்கு பம்பாய். பம்பாய்ப் போட்டியிலும் ஜெயித்தால் வெளிநாட்டுக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான். இரண்டாவது ஆளுக்கு ஒன்றும் கிடையாது. உனக்கு ஆறு வயசு, ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனோம். அதனால் அன்று நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை, நான் சொல்லித்தான் தெரியும். நான் சொன்னதோ பாதி.

காலையில் ஏரிக்கரையில் கிளம்பும்போதே எனக்கும் தம்பிக்கும் கயிறு விஷயத்தில் தகராறு. மாமல்லபுரத்துக் கடற்கரையில் அப்போதுதான் நைலான் கயிறு புதுசாக வந்திருந்தது. படகுக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள், யானை இழுத்தாலும் அறாது என்று. நான் நீலக் கலரில் ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தேன். அறுந்துபோன கயிற்றைக் கண்ணால் பார்த்தவள் நான், அறாத கயிறு என்றால் விடுவேனா. உன் அப்பாவிடம் சொன்னேன், அவனிடம் சொல்லச் சொன்னேன். அவனோ என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "அது அறாதுதான் அக்கா. ஆனா இழுக்கும். பாரம் வுழுந்தா ரப்பர் மாதிரி நீண்டுப்புடும். முடிச்சும் வழுக்கும். இதுக்கு நாருதான்." அவனுக்கு என்ன தெரியும், அவன் கட்டின கயிறு தெரியாதா என்று நான் உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். நைலானை எடுத்து சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் நாலு பேர். நாலு நாற்காலியும் வரிசையாக, கிழக்குப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுண்ணாம்புக் கோடு. நாற்காலியின் எந்த பாகமும் கோட்டைத் தாண்டக் கூடாது. பெயர் எழுதிக் கொடுத்த உதவியாள் ஒருத்தர்தான் நாற்காலியைத் தொடலாம், வேறு கை பட்டால் அந்த ஆள் எறிந்த எல்லாம் தள்ளுபடி என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னார்கள். உன் அப்பாவுக்கு உதவியாள் கன்னியப்பன். காலையில் இரண்டு எறி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு எறி. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்திருந்தார், யுத்தத்தில் இரண்டு காலும் போனவர், நல்ல மனுஷர், எங்களுக்கு அவர் ஆரஞ்சு கொடுத்தார். காலையில் அவர்தான் முன்னால் இருந்தார். உன் அப்பா இரண்டாவது. ஆனால் இவர் முகத்தில் கவலையே இல்லை. மாமனும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சிரித்துக்கொண்டார்கள். மூன்றாவதுக்குக் கடல்காற்று வந்துவிடும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். பட்டாளத்துக்காரருக்கு வேலூர்க் காற்றுதான் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் எறிகிறவர்களை வேப்பமர நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலிகள் வெயிலில் கட்டினபடி நின்றன. கன்னியப்பன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து கயிற்றின் மேலெல்லாம் ஊற்றினான். ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். நார்க்கயிறு காயும்போது தளரும், தண்ணீர் பட்டால் சுருங்கி இறுகும், கிணற்றுக்காரனுக்கு அது கைப்பழக்கம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கிணற்றில் அறுந்தது ஈரக் கயிறு. மறுபடியும் அதையே செய்கிறான், இவருடைய பம்பாயையும் கெடுக்கப் போகிறான் என்று தோன்றியது. சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் சோற்றில் இருந்தார்கள். போனேன். பின்கால் இரண்டிலும் இருந்த நாரை அவிழ்த்துப் போட்டேன். நைலானை எடுத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்து, மூன்று மூன்று முடிச்சாகப் போட்டேன். நாரை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டது போல நிழலில் போய் உட்கார்ந்தேன்.

கன்னியப்பன் திரும்பி வந்தபோது உன் அப்பாவைத் தூக்கி வந்துவிட்டார்கள். அவரை உட்கார வைத்துக் கட்டுகிற அவசரத்தில் அவன் குனிந்து பின்காலைப் பார்க்கவில்லை. காற்று வந்தது. மைதானத்து ஓரத்தில் கட்டியிருந்த காகிதக் கொடியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிப் படபடத்தன. உன் அப்பா கண்ணை மூடிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். திரும்பினார், இதுவரை திரும்பாத அளவுக்குத் திரும்பினார். விட்டார்.

சேகரு, அந்த எறியைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. பட்டாளத்துக்காரருடைய வட்டு விழுந்த இடத்தில் நட்டிருந்த குச்சியைத் தாண்டும்போது அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அளக்க நின்ற ஆட்கள் தலையை அண்ணாந்து பின்னாலேயே ஓடினார்கள். மைதானத்துக் கடைசியில் கயிறு கட்டி ஜனங்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் எழுந்து ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. ஒரு மைதானம் முழுக்க ஜனம் இருந்து, கொடி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். பட்டாளத்துக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். வட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்த இடத்தையும் தாண்டி விழுந்தது.

அப்புறம்தான் நான் நாற்காலியைப் பார்த்தேன். முன்பலகை சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பின்கால் கயிறு நீண்டு, நாற்காலி ஒரு சாண் முன்னால் எகிறியிருந்தது. சுண்ணாம்புக் கோட்டைக் கவனிக்க நின்ற கோட்டுக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். அந்த எறி கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததை அளக்க மாட்டார்கள். குச்சி நடாமல், வட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கோட்டுக்காரர் குனிந்து கயிற்றைப் பார்த்தார். காலையில் நார், இப்போது நீல நைலான். யார் மாற்றியது என்று கேட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன். முந்தானைக்குள் இருந்த நாரை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். கன்னியப்பன் கயிற்றைப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சார்" என்றான். உதவியாள்தான் மாற்றியிருக்கிறான் என்பதால் மூன்றாவது எறி மட்டும் போயிற்று, மற்ற இரண்டும் நின்றன. உன் அப்பாவுக்கு இரண்டாவது இடம். பட்டாளத்துக்காரர் பம்பாய் போனார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். மைதானத்தில் இருந்த ஜனம் பாதி அங்கேதான் இருந்தது. ஒருத்தன் சொன்னான், கிணத்துல கயிறு வுட்டவனும் இவன்தானாமே என்று. இன்னொருத்தன் உச்சுக் கொட்டினான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். திறந்தேன். "என் புருஷன ரெண்டாவது தபா கொன்னுட்டடா" என்றேன். உன் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார், நான் உதறினேன். கன்னியப்பன் அந்த நீலக் கயிற்றை அழகாகச் சுருட்டி வைத்திருந்தான். அதை என் கையில் கொடுத்தான். "அக்கா, பஸ்ஸு வந்துட்ச்சி. ஏறு" என்றான். உன் அப்பாவைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தான். அவன் ஏறவில்லை. அதற்கப்புறம் ஐம்பது வருஷம் அவனோடு நான் பேசவில்லை.

உன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த கோடையில் ஏரியில் வேறு ஆளை வைத்துக் கட்டச் சொல்லி எறிந்துகொண்டிருக்கும்போது, ஒரு எறிக்கும் இன்னொரு எறிக்கும் நடுவில், "மச்சான் போடற முடிச்சு எனக்குத் தெரியும். நீ போடறதும் தெரியும். போய் சொல்லிட்டு வா" என்றார். நான் போகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார், மச்சானைக் கூப்பிடலாமா என்று. நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவேன். போகப் போக எனக்கே அது அவன் மாற்றிய கயிறு போல ஆகிவிட்டது. நான் சொன்னதை நீ நம்பினாய், நீ நம்பினதைப் பார்த்து நான் நம்பினேன். மாசி மகத்துக்குக் கடல் பார்க்கப் போகிறேன் என்று அவர் கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் வருஷா வருஷம் மாமல்லபுரம் போய் வருவாரே, நினைவிருக்கிறதா? அத்தனை மைல் கையால் சுற்றிக்கொண்டு போய் அவர் பார்த்தது கடலை இல்லை. பூஞ்சேரியில் மச்சானைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும்.

உன் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட மாமனை நிறுத்தினேன். அது முதல் பாவம் என்றால் அப்பா செத்த அன்றைக்கு நடந்தது பெரிய பாவம். அவன் வந்தான். தெருமுனையிலேயே நின்றான். பாடையைத் தூக்குகிற நேரத்தில் தோள் கொடுக்க முன்னால் வந்தான். நீ அவன் மார்பில் கை வைத்து, "நீ தொடாத" என்றாய். நான் தலைவிரி கோலமாக வாசலில் உட்கார்ந்திருந்தேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கிக் கட்டி உட்கார வைத்து ஆயிரம் தடவை தாங்கிய கை அது. கடைசியாக ஒரு தடவை தாங்க நாம் விடவில்லை. அவன் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியில், நடந்து வந்தான். உன் மேல் குற்றம் இல்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

போன வருஷம் உன் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாராலிம்பிக்ஸ் போட்டியை டிவியில் பார்த்தோமே. நீ எறிகிறவனைப் பார்த்துக் கை தட்டினாய். நான் எறிகிறவனைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பட்டை போட்டு இறுக்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் ஆயா அழுகிறாய் என்று திவ்யா கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். கேளம்பாக்கத்து ஒன்பதாம் மாடியில் ஏது தூசி.

உன் போனை வைத்த பிறகு நாலாம் நாள் நான் தனியாக பஸ் ஏறிப் பூஞ்சேரி போனேன். கன்னியப்பன் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். ரொம்பக் கிழவனாகிவிட்டான், என்னைவிடக் கிழவன். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். "கன்னியப்பா, கயித்த மாத்தினது நான்டா."

"தெரியும் அக்கா."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. ஒரு முடிச்சுக்கு மூணு முடிச்சு போடற ஆளு நம்ம வூட்ல நீ ஒருத்திதான."

பிறகு ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். நீ மாற்றினதாகச் சொல்லியிருந்தால் மாமா எறிந்த மூன்றும் போயிருக்கும், இரண்டாவது இடமாவது நின்றதே என்றான். அப்புறமாவது எனக்கு உறைக்கிற மாதிரி வந்து கேட்டிருக்கக் கூடாதா என்றேன். "ஒன் வாய்க்கு யாரு பதில் சொல்றது" என்று சிரித்தான். பல் ஒன்றுமில்லை. அவன் மருமகள் எனக்கு மோர் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். தரையில் வைக்கவில்லை. குடிக்க முடியாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அவன் குறை என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "மாமாவத் தூக்க வுடல அக்கா. அது ஒண்ணுதான் உள்ளயே கீது." திவ்யா கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றான். "நீ கூப்ட்டு வரமாட்டேன். சேகரு வந்து கூப்ட்டா வரேன். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் வாணாம். பத்திரிகைய கையில குடுத்துட்டு மாமான்னு ஒரு வார்த்த சொல்லட்டும்."

கிளம்பும்போது இன்னொன்று சொன்னான். பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டு அவன் நேராக மைதானத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறான். எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். வட்டு விழுந்து மண்ணைக் கிழித்த இடம் அப்படியே இருந்ததாம். நாற்காலி இருந்த கோட்டிலிருந்து அந்த இடம் வரைக்கும் குதிகால், விரல், குதிகால், விரல் என்று பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தானாம். எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று திரும்பவும் ஒரு தடவை அளந்தானாம். உன் அப்பாவுக்கு மட்டும் முதல் மாசி மகத்தில் சொன்னானாம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எத்தனை அடி என்று நான் கேட்டேன். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை, உனக்குத் தெரியும். "ஒனக்கு சொல்ல மாட்டேன் அக்கா" என்றான். "அவன் வரட்டும். புள்ளைக்கு சொல்றேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை போ, சேகரு. காலையிலேயே போ, மத்தியானம் அவன் தூங்கிவிடுவான். தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து, மருமகளையும் திவ்யாவையும் கூட்டிக்கொண்டு போ. உட்காரச் சொன்னால் உட்கார். மாமா என்று கூப்பிடு. கூப்பிட்ட பிறகு, அப்பா எவ்வளவு தூரம் எறிந்தார் என்று கேள். கேட்டுவிட்டு நேராக இங்கே வா. எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று நீ நினைத்தால் சொல். வேண்டாம் என்று நினைத்தால், உனக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

அம்மா